கண்ணாடியில் வைத்த பொட்டு

அக்கா கடைக்கு வந்தபோது நான் ஒரு கிரைண்டர் மோட்டாரின் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் இருக்கும்போது யார் வந்தாலும் நான் நிமிர்வதில்லை. ஊற்றுவது நடுவில் நின்றால் கம்பிகளுக்குள் காற்று தங்கிவிடும். அப்புறம் அந்த மோட்டார் புகைந்துகொண்டு என்னிடமே திரும்பி வரும்.

"ஏலே செல்லத்துர" என்றாள்.

குரல் சரியில்லை. நிமிர்ந்தேன்.

தலையில் கம்பெனித் தொப்பி. சேலைக்கு மேல் கண்ணைப் பறிக்கிற பச்சை நிறத்தில் கையில்லாத சட்டை. முழங்காலுக்குக் கீழே சேலை நனைந்து மண் ஒட்டியிருந்தது. சோலார் பேனல் கழுவும் வேலைக்கு அவள் போட்டுக்கொள்ளும் உடுப்பு அது. அதைப் போட்டுக்கொண்டு அவள் சங்கரன்கோவில் டவுனுக்குள் வந்ததே இல்லை. வேலை முடிந்ததும் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவாள். அன்றைக்கு வேலை முடியவே இல்லை. பாதியில் போட்டுவிட்டு மேலநீலிதநல்லூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கேன். மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"ஒரு பேனல்ல ஒரே ஒரு எடத்துல காக்கா எச்சம் கெடந்தாக்கூட அந்த வரிசையே படுத்துருமாமே. நெசமா?"

வார்னிஷ் டப்பாவைக் கீழே வைத்தேன். அவள் எங்கே வருகிறாள் என்று தெரிந்துவிட்டது. அவள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"எச்சம்தான் வேணுமா, வேற எது ஒட்டியிருந்தாலும் அப்படித்தானா?" என்றாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை எழுத வேண்டுமென்றால் முதலில் அவளுடைய தோட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கடைக்கே வந்து, "எல்லாரையும் திட்டி எழுதுதீரே வே" என்று சடைத்துக்கொண்டார். திட்டாமல் எழுத எனக்குத் தெரியாது. இந்த வாரமும் திட்டு உண்டு.

அவள் பேரில் இருந்த நிலம்

அக்கா பெயர் பேச்சியம்மாள். எங்கள் அப்பா எனக்கு டவுனில் கடை போட இடம் கொடுத்தார். அவளுக்கு ஊரில் இருந்த மானாவாரி நிலத்தை எழுதிவைத்தார். பொட்டப்பிள்ளைக்கு எதற்கு நிலம் என்று சொந்தக்காரர்கள் குதித்தார்கள். குதித்தவர்களில் ஒருவன்கூட அந்த நிலத்தில் ஒரு நாள் களை எடுத்தவனில்லை.

அத்தான் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பார். அதனால் விதைப்பதா, விற்பதா என்பதெல்லாம் அக்காவின் முடிவுதான். அவள் எலுமிச்சை வைத்தாள். புளியங்குடி மார்க்கெட்டுக்கு முதல் மூட்டை போனபோது அவளும் பஸ்ஸில் பின்னாலேயே போய், ஏலம் முடியும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். அப்போது அவள் பக்கத்தில் போனாலே எலுமிச்சை இலை வாசம் அடிக்கும். முழங்கை வரை முள் கீறல் இருக்கும்.

சுற்றி உள்ள நிலங்கள் ஒவ்வொன்றாகச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பைக்கில் ஒரு புரோக்கர் வருவான். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

"யக்கா, வானம் பாத்த நெலத்த வச்சு என்ன செய்யப் போறிய? கம்பெனிக்குக் குடுத்துட்டு கால நீட்டி உக்காருங்க."

"காலு நீட்ட எனக்கு வீட்டுல எடம் இருக்குவே. உங்க பேனல்ல எலுமிச்சங்கா காய்க்குமா?"

"காய்க்காதுக்கா."

"அப்பப் போய்ட்டு வாரும்."

இதை அவளே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். புரோக்கர் ஹெல்மெட்டை மாட்டும் விதம் வரைக்கும் செய்துகாட்டுவாள்.

தண்ணீர்தான் தொல்லை. போர் போட்டாயிற்று. கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்துக் கிடந்தோம். டீசல் என்ஜின் குடித்த எண்ணெய்க்கு அளவில்லை. கடைசியில் மானியத்தில் சோலார் பம்ப் வந்தது. ஊரெல்லாம் கம்பெனிக்காரன் பேனல்; இவள் தோட்டத்தில் மட்டும் இவளுடைய பேனல்.

மாட்டிய வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். ஃபிட்டர் ஒல்லியான ஆள், நல்ல வேலைக்காரன். சுவிட்சைத் திருப்பினான். குழாய் இருமியது, சிவப்பாகத் துப்பியது, அப்புறம் தெளிந்து ஊற்றியது.

அக்கா அந்தத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு மஞ்சள்பொடியை எடுத்தாள். காய்ந்து உதிராமலிருக்க அதில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தாள். பேனல் ஒவ்வொன்றிலும், தன் கைக்கு எட்டுகிற கீழ் வரிசையில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகப் பூசினாள். நடுவில் குங்குமம் வைத்தாள்.

"ஏக்கா, இதுக்குமா பொட்டு?" என்று சிரித்தேன்.

"ஆயுத பூசைக்கு உன் டிரில்லு மெசினுக்கு வைக்கேல்லா? அது ஓட்ட போடுத மெசினு. இது சூரியன உள்ள எடுக்குத சாமி. இதுக்கு வைக்காம எதுக்கு வைக்க?"

ஃபிட்டர் பார்த்துக்கொண்டுதான் நின்றான். கிளம்பும்போது ஒன்று சொன்னான்: "பேனலத் தொடச்சு வச்சுக்கிடுங்கம்மா. தூசி அண்ட விடக் கூடாது."

அவள் அந்தச் சொல்லைத் தட்டவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றிப் பழைய வேட்டித் துணியால் துடைத்தாள். பொட்டு அழியாமல், அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பழைய மஞ்சளுக்கு மேலேயே புது மஞ்சளைப் பூசினாள்.

சுற்றாமல் வருகிற கரண்ட்

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். என் தொழிலில் உள்ள சங்கதி ஒன்றுதான். காந்தத்துக்கு நடுவே கம்பி சுற்ற வேண்டும். இல்லையென்றால் கம்பிக்கு நடுவே காந்தம் சுற்ற வேண்டும். காற்றாலை சுற்றுகிறது. அணையில் டர்பைன் சுற்றுகிறது. சுற்றாமல் கரண்ட் தருவது பேட்டரி. அதுவும் உள்ளே இருப்பது தீர்ந்தால் செத்துப்போகும்.

மாட்டிய அன்றே ஃபிட்டரிடம் கேட்டேன். "இதுக்குள்ள என்னவே சுத்துது?"

"ஒண்ணும் சுத்தாது அண்ணாச்சி."

"அப்ப என்ன தேயுது?"

"ஒண்ணும் தேயாது."

"சுத்தவும் செய்யாது, தேயவும் செய்யாதுன்னா இது என்னவே, கவர்மெண்ட் ஆபீசா?"

சிரித்தானே தவிர விளக்கம் சொல்லத் தெரியவில்லை. என் மகள் செல்வி பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள். இப்போது ஒரு நூல் கடையில் பில் போடுகிறாள். நாட்டின் லட்சணம் அது. இன்னொரு வாரம் எழுதுகிறேன். அவளிடம் கேட்டேன். இங்கிலீஷில் மனப்பாடமாக ஒப்பித்தாள்.

"இது பரிச்சைக்கு. எனக்குப் புரியறாப்புல சொல்லு. முடியலன்னா உனக்கும் புரியலன்னுதான் அர்த்தம்."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் பிள்ளைதானே. மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றினாள். ஒரு பக்கம் தண்ணீர் குழாய் வாயைப் பார்த்து ஓடியது. தொட்டிப் பக்கம் அப்படியே நின்றது.

"ஒரே தண்ணிதான? அங்கன ஏன் ஓடுது, இங்கன ஏன் நிக்கி?"

"அங்கன சரிவா வாட்டம் விட்டிருக்கு. இங்கன அந்தக் கொத்தன் கோட்டை விட்டுட்டான்."

"அம்புட்டுதாம்ப்பா சோலார்."

அதற்கப்புறம் அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

பேனலுக்குள் இருப்பது சிலிக்கான். மணலில் இருந்து எடுப்பது. அதன் ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. அந்தக் கைப்பிடிதான் எலக்ட்ரான். எல்லாக் கையும் பிடித்திருப்பதால் எதுவும் நகராது. வெளிச்சம் வந்து விழுந்தால் ஓர் எலக்ட்ரான் பிடி விட்டு எழும்பிவிடும். அது இருந்த இடம் காலியாகும். ஆனால் எழும்பினால் மட்டும் போதாது. போக வழியில்லாவிட்டால் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு ஏதாவது ஒரு காலியிடத்தில் திரும்ப விழுந்துவிடும். தொட்டிப் பக்கம் தேங்கின தண்ணீர் அங்கேயே காய்ந்துபோவது மாதிரி. கரண்ட் கிடையாது.

அதனால் வாட்டம் விடுகிறார்கள். சிலிக்கானின் மேல்பக்கத்தில் ஒரு சிட்டிகை பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். அதில் ஓர் எலக்ட்ரான் கூடுதல். கீழ்ப்பக்கத்தில் போரான். அதில் ஒன்று குறைவு. இரண்டும் சேருகிற இடத்தில், கூடுதலாக இருப்பது குறைந்த பக்கம் தாவி நிரப்பிக்கொள்கிறது. தாவிய பிறகு அந்தச் சந்திப்பில் ஒரு பக்கம் பிளஸ்ஸும் ஒரு பக்கம் மைனஸுமாக நிலைத்துவிடுகிறது. அதுதான் வாட்டம். முடியை விட மெல்லிய இடம். ஆனால் அது அங்கேயே இருக்கிறது, தேய்வதில்லை.

இப்போது வெளிச்சம் ஓர் எலக்ட்ரானைக் கிளப்பினால், வாட்டம் அதை மேல்பக்கம் தள்ளும். காலியிடத்தைக் கீழ்ப்பக்கம் தள்ளும். வந்த வழியே திரும்ப முடியாது. மேலே இருக்கிற வெள்ளிக் கோடுகளில் ஏறி, ஒயர் வழியாக வெளியே போய், மோட்டாரைச் சுற்றிவிட்டு, கீழ்ப்பக்கமாக வந்துதான் தன் காலியிடத்தைப் பிடிக்க வேண்டும். போகிற வழியில் வேலை வாங்கிக்கொள்கிறோம். எலக்ட்ரான் செலவாவதில்லை. அதே ஆள்தான் சுற்றிச் சுற்றி வருகிறான்.

"அப்ப சுத்தத்தான செய்யுது" என்றேன்.

"உங்களுக்கு அதுதான் வேணும்" என்றாள் செல்வி.

இன்னொன்றும் சொன்னாள். எலக்ட்ரானைக் கிளப்புவது வெளிச்சம், சூடு இல்லை. வெளிச்சம் துளித்துளியாக வருகிறது. ஒரு துளி, ஒரு எலக்ட்ரான். துளிக்கு வேண்டிய வலு இல்லாவிட்டால் எத்தனை துளி விழுந்தாலும் ஒன்றும் எழும்பாது. அனலாக மட்டும் வருவது அப்படித்தான். பேனல் கொதித்தால் வோல்ட் இறங்கத்தான் செய்யும். சித்திரை வெயிலில் பம்ப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய செய்தி.

இவ்வளவும் தெரிந்தது. தெரிய வேண்டிய ஒன்று மட்டும் அன்றைக்குப் பேச்சில் வரவில்லை.

தண்ணீர் நின்றது

முதல் வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் மெல்ல மெல்ல மெலிந்தது. அக்கா போன் செய்வாள். "காலைல வாரது பத்தல. மத்தியானம் கொஞ்சம் நல்லா வருது. நாலு மணிக்கெல்லாம் படுத்துருது."

ஆளுக்கொன்று சொன்னார்கள். போர் வற்றிவிட்டது என்றான் ஒருவன். கம்பெனிக்காரன் வெயிலை எல்லாம் அங்கே இழுத்துக்கொள்கிறான் என்றான் இன்னொருவன். அவனை அடிக்காமல் விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

நான் போய் மோட்டாரை மேலே இழுத்தேன். காயிலைப் பார்த்தேன். இன்சுலேஷன் பார்த்தேன். பேரிங்கைப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "மோட்டார் கல்லு மாரி இருக்கு. கோளாறு பேனல்ல" என்றேன்.

ஃபிட்டர் வந்தான். மோட்டாருக்குப் போகிற ஒயரைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தான். வோல்ட் சரியாகக் காட்டியது. "பேனல் நல்லா இருக்கு. கோளாறு மோட்டார்ல அண்ணாச்சி" என்றான்.

எங்கள் இருவருக்கும் நடுவில் அக்கா நின்றாள். இவனைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். மகராசன்மாரே, யாராவது ஒருத்தன் சரியாகச் சொல்லுங்கடா என்கிற பார்வை. சும்மா இருக்கும் பேனல் வோல்ட் காட்டத்தான் செய்யும். பாரத்தை மாட்டி, இழுக்கவிட்டுப் பார்த்தால்தான் அது தாங்குகிறதா என்று தெரியும். அதை அன்றைக்கு அவனும் செய்யவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கோடையில் போரில் தண்ணீர் மட்டம் இறங்கியது. ஆழம் கூடக்கூட மோட்டார் வேகமாகச் சுற்றியாக வேண்டும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் தண்ணீர் கொஞ்சமாக வராது, வரவே வராது. மோட்டார் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாதி உயரம் ஏறி அங்கேயே தொங்கும். அக்கா குழாய் வாயில் காதை வைத்துக் கேட்டாளாம். "உள்ள சத்தம் கேக்கு செல்லத்துர. வர மாட்டேங்கு" என்றாள் போனில்.

இலை சுருண்டது. பிஞ்சு உதிர்ந்தது. அவள் குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்தாள். எத்தனை மரத்துக்கு ஊற்ற முடியும்?

வெள்ளிக்கிழமை மஞ்சளை மட்டும் நிறுத்தவில்லை. முன்பைவிடக் கெட்டியாகப் பூசினாள். வேண்டிக்கொண்டு பூசினாள்.

அந்தக் கோடை முடியும் முன்னே புரோக்கர் மறுபடியும் வந்தான். இந்தமுறை அவனை அவள் நடித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். குத்தகைக் காலம் முடியும்போது அவளோ நானோ இருப்போமா என்று தெரியாது.

ஜேசிபி வந்து மரங்களைப் பிடுங்கிய அன்று ஊர் முழுக்க எலுமிச்சை இலை வாசம். நன்றாக இருந்தது அந்த வாசம். அதுதான் தாங்க முடியவில்லை.

கழற்றிய அன்று தெரிந்தது

அவளுடைய பேனல்களைக் கழற்றிப் பழைய சாமான்காரனுக்குப் போட்டோம். ஒன்றை மட்டும் கடைக்கு எடுத்து வந்தேன். கடைப் பின்னால் வைத்துக் கழுவினேன். மஞ்சள் அடை மாதிரி பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில், கண்ணாடிக்கு உள்ளே, உள்ளங்கை அகலத்துக்குக் காப்பிக் கறை நிறத்தில் கருகியிருந்தது.

செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை வச்ச பொட்டாப்பா இது?"

கான்கிரீட் போடும் நாளில் சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்களே, வரிசையாக நின்று. பேனலும் அப்படித்தான். ஒரு செல் தருவது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூட. அதை வைத்து ஒன்றும் ஆகாது என்று ஒன்றோடொன்று கோத்து வரிசை கட்டியிருக்கிறார்கள். ஒன்றின் கரண்ட் அடுத்ததன் வழியாகத்தான் போயாக வேண்டும். வரிசையில் ஒருத்தன் மெதுவாக வாங்கினால் எல்லாரும் மெதுவாகத்தான் கொடுக்க முடியும். மஞ்சள் மூடிய செல்லில் வெளிச்சம் விழாது, எலக்ட்ரான் எழும்பாது. மற்ற செல்கள் தள்ளுவதெல்லாம் அதன் மேல் போய் முட்டிச் சூடாகும். அப்படிச் சூடாகித்தான் கருகியிருக்கிறது.

முழுதும் எரிந்துபோகாமலிருக்கப் பேனலின் முதுகில் ஒரு டப்பாவில் சுற்றுவழி வைத்திருக்கிறார்கள். வரிசையில் ஒன்று படுத்தால் கரண்ட் அந்தப் பகுதியையே விட்டுவிட்டுப் போய்விடும். பகுதி என்றால் பேனலில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பொட்டுக்கு ஒரு பங்கு காலி. முதல் வருடம் மஞ்சள் மெல்லிசாக இருந்ததால் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது; வாராவாரம் மேலே மேலே பூசப்பூச அடைத்துவிட்டது. அவள் எந்தப் பேனலையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைத்திருந்தாள். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு வைக்காமல் விட அவளுக்கு மனசு வராது.

ஃபிட்டரைத் தேடிப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் நின்றான்.

"ஏம்வே, அந்தப் பொட்டப் பாத்தீரா இல்லையா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"அது கண்ணாடில இருக்கக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?"

தம்ளரைக் கீழே வைத்தான். "தெரியும். வெள்ளிக்கெழம பொம்பளயாளு மஞ்சள் பூசி வச்சிருக்காவ. அத அழிங்கன்னு நான் எப்படிச் சொல்ல? நாளைக்கு அவுக வீட்டுல ஒண்ணுன்னா எம்மேலல்லா பழி வரும். சாமி சமாச்சாரம் அண்ணாச்சி. அதான் பொதுவாத் தொடச்சு வைங்கன்னு சொன்னேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடித்த பிறகு அந்தக் கடையில் நின்ற மற்றவர்களைப் பார்த்தேன். அவன் செய்ததில் தப்பிருப்பதாக ஒருத்தர் முகத்திலும் தெரியவில்லை. அவர்களாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் செல்வியும் முடிவு செய்தோம். போனது போயிற்று. அறிந்து என்ன செய்யப் போகிறாள்?

ஆனால் அவள் கம்பெனியில் பேனல் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். தன் நிலத்திலேயே, தன் மரங்கள் நின்ற இடத்திலேயே, நீளக் கம்பில் துடைப்பானை மாட்டிக் கூலிக்குக் கழுவினாள். அங்கே சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொல்லியிருக்கிறான்: எச்சத்தைக் கண்டால் அப்போதே துடையுங்கள், ஒரு துளி கிடந்தால் வரிசையே படுத்துவிடும். சம்பளத்துக்கு வந்தவன். யார் மனசு நோகும் என்று அவனுக்குக் கவலையில்லை. சொல்லிவிட்டான்.

கடை வாசலில்

"சொல்லுலே. வேற எது ஒட்டியிருந்தாலும் அப்படித்தானா?"

"அது பெரிய கம்பெனி பேனலுக்கா. நம்ம சின்னப் பேனலுக்கு அந்தக் கணக்கு வராது."

"நீ பொய் சொல்லும்போது ஸ்பேனரத் தேடுவ. இப்பத் தேடுத."

கையைப் பார்த்தேன். மேசையில் துழாவிக்கொண்டிருந்தது.

"கழட்டும்போது ஒண்ண எடுத்துட்டு வந்தியே, எங்க அது?"

பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். அவளே திருப்பினாள். கருகிய இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சரியாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சாந்துச் சட்டிக் கதையைச் சொன்னேன். சுற்றுவழி, மோட்டார் வேகம், பாதியில் தொங்கிய தண்ணீர், ஒன்றையும் விடவில்லை. முடித்ததும் பேனலின் ஓரத்தில் இருந்த அலுமினியச் சட்டத்தை விரலால் தொட்டாள்.

"இதுல வச்சிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"ஒரு சாண் கீழ."

"ஆமா."

"அந்தப் பையன் பாத்துக்கிட்டுதான நின்னான்?"

"சாமி சமாச்சாரம்னு சொல்லலியாம்."

"நீ?"

"நான் மோட்டார்க்காரன்க்கா. மோட்டாரைத்தான் பாத்தேன்."

வெளியே மினி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம்.

"நான் என்ன அம்புட்டுக் கோவக்காரியாலே? ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டேனா?"

எங்கள் குடும்பத்தில் கோபக்காரன் நான். அவள் இல்லை. யார் சொன்னாலும் கேட்டிருப்பாள். சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு, சட்டத்தில் அழகாக ஒரு பொட்டு வைத்திருப்பாள். எலுமிச்சை காய்த்திருக்கும்.

அவள் முந்தானையால் அந்தக் கறையைத் துடைத்தாள். "அது கண்ணாடிக்கு உள்ளக்கா" என்றேன். "தெரியுது" என்றாள். துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

இதைப் படிக்கிறவர்கள் தெருவில் யாராவது பேனல் கண்ணாடியில் பொட்டு வைத்திருந்தால், விபூதிப் பட்டை போட்டிருந்தால், போய்ச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், இல்லை என்னை மாதிரி கத்திச் சொல்லுங்கள். மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டு வராதீர்கள். கண்ணாடியை விட்டுச் சட்டத்தில் வைத்தால் சாமி ஒன்றும் குறைத்துக்கொள்ளாது.

அந்தப் பேனலை இப்போது கடை ஓட்டின் மேல் மாட்டியிருக்கிறேன். கருகிய பங்கு போனாலும் மிச்சம் இரண்டு பங்கு வேலை செய்கிறது. அதில் ஒரு சின்ன ஃபேன் ஓடுகிறது. மத்தியானம் நல்ல காற்று. அக்கா வரும்போதெல்லாம் ஸ்டூலை அதற்கு நேராக இழுத்துப் போடுகிறேன். அவள் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, காற்று படாத இடத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.